பொட்டிக்குத் தைத்தது

எங்கள் வீட்டில் உறை போடாத பொருள் என்று பார்த்தால் அண்ணன் ஒருவன்தான். மிக்ஸிக்கு உறை, டிவிக்கு உறை, ரிமோட்டுக்கு உறை, கேஸ் சிலிண்டருக்குக்கூட இடுப்பில் நாடா வைத்து ஒன்று. அம்மா தையல்காரி. வெட்டி மிஞ்சிய துணியைத் தூக்கிப்போட அவளுக்கு மனசு வராது. தெருவில் பாதிப் பேர் அவள் தைத்ததைத்தான் உடுத்துகிறார்கள். மீதிப் பேர் தைக்கக் கொடுத்துவிட்டு, முடிந்ததா முடிந்ததா என்று வாசலில் வந்து நிற்கிறார்கள்.

முன்னறைதான் அவள் கடை. ஜன்னலோரம் தையல் மெஷின், எதிர்ச் சுவரோரம் அண்ணனின் கம்ப்யூட்டர். அதை நாங்கள் பொட்டி என்போம். அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். பொட்டியைக் கடையில் முழுசாக வாங்காமல் பாகம் பாகமாகத் தேடி வாங்கித் தானே பூட்டினான். அதில் ஒரு குறை சொல்லிவிட்டால் அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்காது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு.

அந்தப் பொட்டியில் போட்டோ திருத்தும் சாஃப்ட்வேரின் புதுப் பதிப்பு ஓடுமா, ஓடாதா? அந்த வாரம் முழுக்க வீட்டில் இதே பேச்சுதான். ஓடாவிட்டால் அண்ணிக்கு வேலை போய்விடும்.

அண்ணி ஒரு பெரிய ஸ்டூடியோவில் படம் திருத்துகிறாள். குழுவாக நின்று எடுத்த படத்தில் யாரோ ஒரு மாமா சரியாக அந்த நொடியில் கண்ணை மூடியிருப்பார். அண்ணி இன்னொரு படத்திலிருந்து அவருடைய கண்ணையே எடுத்துவந்து வைப்பாள். மூக்குக் கண்ணாடியில் விழுந்த வெளிச்சத்தைத் துடைப்பாள். துடைத்த இடம் தெரியாது. வீட்டில் அவள் வாய் திறந்து பேசுவதே இந்த வேலையைப் பற்றித்தான். மற்ற விஷயத்துக்கெல்லாம் ‘சரி’, ‘ஆமாம்’, ‘பரவாயில்லை’. நான் மருந்துக்கடைக் கவுண்டரில் நாள் முழுக்கக் கத்திவிட்டு வீட்டுக்கு வந்தும் கத்துகிற ஆள். எனக்கு அவளைப் பார்த்தால் பொறாமையாகவும் இருக்கும், எரிச்சலாகவும் இருக்கும்.

ஸ்டூடியோ தன் மாடி அறையைக் காலி செய்கிறது. இனி திருத்துகிறவர்கள் எல்லாம் அவரவர் வீட்டிலிருந்தே செய்ய வேண்டும். வெள்ளிக்கிழமை ஆபீஸ் சிஸ்டம்காரர் வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரைச் சோதிப்பார். புதுப் பதிப்பு ஒழுங்காக ஓடினால் வேலை உண்டு. இல்லையென்றால் அண்ணி இடத்துக்கு, ஓடுகிற கம்ப்யூட்டர் வைத்திருக்கிற வேறொருவர். புதிதாக ஒன்று வாங்கலாமே என்று வாயெடுக்க முடியாது. அண்ணன் பூட்டிய பொட்டி இருக்கிறதே.

திங்கட்கிழமை சாயந்திரம் அண்ணன், ஆபீஸ் கேட்டதை எல்லாம் போனில் பார்த்து ஒவ்வொன்றாக வாசித்தான்.

“ரேம் இருக்கு. கிராஃபிக்ஸ் கார்டு இருக்கு. இடம் இருக்கு. கேட்டதுக்கு மேலயே இருக்கு. ஓடலன்னா என் பேரை மாத்திக்கிறேன்.”

“மாத்தினா ரேஷன் கடையிலருந்து எல்லா இடத்துலயும் அலையணும்,” என்றேன்.

“சும்மா இரு வாயாடி.”

ஏற்றினான். திறந்தது. அண்ணி கம்ப்யூட்டரில் கோடு போடுகிற பேனாவை எடுத்து ஒரு பெரிய குழுப் படத்தில் வேலையை ஆரம்பித்தாள். முதலில் நன்றாகத்தான் ஓடியது. ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் திரையில் கோடு அவள் கைக்குப் பின்னால் வர ஆரம்பித்தது. அவள் கோடு போட்டு முடித்துக் கையை எடுத்த பிறகு, கூப்பிட்டு வெகுநேரம் கழித்து ‘என்ன?’ என்று கேட்கிற ஆள் மாதிரி அது மெதுவாக வந்து சேர்ந்தது. அப்புறம் அதுவும் நின்றது.

“புதுசுல்ல, பழகணும்,” என்றான் அண்ணன்.

மறுநாளும் அதே கதை. வேண்டாத படங்களை அழித்தான். அணைத்துப் போட்டான். கரண்ட் சரியில்லை என்றான். நொண்டிக் குதிரைக்குச் சறுக்கினது சாக்கு என்று நான் சொல்ல, அவன் எழுந்து சாப்பிடப் போனான்.

இந்த இடத்தில் அம்மாவையும் அண்ணியையும் பற்றிச் சொல்லியாக வேண்டும். இரண்டு பேருக்கும் சண்டை கிடையாது. இருந்திருந்தால் நல்லது. அண்ணனும் அண்ணியும் தாங்களாகவே பார்த்துப் பிடித்துக் கட்டிக்கொண்டவர்கள். அம்மா அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. அண்ணி வீட்டுக்கு வந்த புதிதில் அம்மா அளவு நாடாவை எடுத்துக்கொண்டு போய், “ரெண்டு உடுப்பு தைச்சுத் தரட்டுமா?” என்று கேட்டாள். அண்ணி மரியாதைக்கு, “உங்களுக்கு எதுக்கு அத்தை சிரமம், நான் கடையிலயே வாங்கிக்கிறேன்,” என்றாள். அண்ணி ஊரில் அது பணிவு. எங்கள் அம்மாவிடம் அது கதவைச் சாத்துவது. நாடாவைச் சுருட்டிக்கொண்டு திரும்பியவள்தான், அதற்கப்புறம் கேட்கவே இல்லை. ஊருக்கெல்லாம் தைக்கிறவள் வீட்டில் மருமகள் மட்டும் ரெடிமேட். பேச்சும் என் வழியாகத்தான் போகும். “அவளைச் சாப்பிடச் சொல்லு.” “அவளுக்குப் போன் வந்துச்சுன்னு சொல்லு.” அண்ணி பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பாள்.

பொட்டியை முன்னறையில் வைத்த அன்று அம்மா நாடாவை எடுத்து அதை அளந்தாள். உயரம், அகலம், ஆழம். மறுநாள் காலையில் அதற்கு ஒரு உறை. சோபாத் துணி, உள்ளே இன்னொரு துணி வைத்து இரட்டையாக. ஓரத்துக்கெல்லாம் கயிறு வைத்து உருட்டித் தைத்த பைப்பிங். சுவர்ப் பக்கம் தூசி அதிகம் என்று பின்னால் முழுக்க மூடி, ஒயர்கள் வர மட்டும் சின்ன வாய். முன்னால் சுவிட்சுக்காகத் தூக்கிவிடுகிற மடல், அதற்குப் பட்டன். அண்ணி அந்தப் பைப்பிங்கை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே நின்றது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதுவரை அந்தப் பொட்டியில் பாட்டு, சினிமா, கரண்ட் பில், இவ்வளவுதான் நடந்தது. உறையால் ஒரு கேடும் இல்லை.

புதன்கிழமை அண்ணன் பொட்டியைத் தூக்கிக்கொண்டு ரிப்பேர் கடைக்குப் போனான். நானும் அண்ணியும் கூடப் போனோம். கிளம்பும் முன் அண்ணி பட்டனைக் கழற்றி, உறையை உருவி, நாலாக மடித்து நாற்காலியில் வைத்தாள். கடைக்காரர் நெற்றியில் எப்போதும் ஒரு பூதக்கண்ணாடி மாட்டியிருப்பார். எல்லோரும் அவரை லென்ஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். லென்ஸ் பொட்டியைப் பிரித்துப் பார்த்தார், பூட்டினார், அதே சாஃப்ட்வேரில் இருப்பதிலேயே பெரிய படத்தைத் திறந்து அண்ணியிடம் கொடுத்தார். அண்ணி அங்கேயே உட்கார்ந்து ஒரு முழுப் படத்தையும் திருத்தி முடித்தாள். கோடு அவள் கையோடு ஓடியது. வந்த வாடிக்கையாளர்கள் போய், வேறு வாடிக்கையாளர்களும் வந்துவிட்டார்கள். பொட்டி களைக்கவே இல்லை.

“இதுல ஒரு கோளாறும் இல்ல தம்பி. நல்லாத்தான் பூட்டியிருக்கீங்க,” என்றார் லென்ஸ். அண்ணன் என் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தான். “வீட்டுல காத்தோட்டமாத்தானே வச்சிருக்கீங்க?”

“ஜன்னலுக்கு நேர் எதிர்ல இருக்கு,” என்றான் அண்ணன்.

பொய் இல்லை. ஜன்னலுக்கு நேர் எதிரேதான் இருக்கிறது. மூன்று பேர் நின்றோம், ஒருவருக்கும் உறை ஞாபகம் வரவில்லை. எங்கள் வீட்டில் உறையை யாரும் தனிப் பொருளாக எண்ணுவதில்லை. மேல்தோலைப் போய் யார் எண்ணுவார்கள்?

வீட்டுக்கு வந்ததும் அண்ணி உறையைப் போட்டுப் பட்டனையும் மாட்டினாள். கொஞ்ச நேரத்தில் கோடு பின்தங்கியது.

அண்ணன் அப்போதுதான் அந்தச் சொல்லைச் சொன்னான். “கடையில ஓடுது. இங்க ஓடலன்னா பொட்டி என்ன பண்ணும்? ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம்.”

அண்ணி பேனாவைக் கீழே வைத்தாள். எழுந்து சமையலறைக்குப் போனாள். குழாயைத் திறந்துவிட்ட சத்தம் கேட்டது. தையல் மெஷின் ஒரு நொடி நின்று மறுபடி ஓடியது. எனக்கு வந்த கோபத்துக்கு அண்ணனை நாலு வார்த்தை கேட்டேன். அவனுக்கும் முகம் செத்துவிட்டது. ஆனாலும் சொன்ன சொல்லைத் திரும்ப வாங்குகிற பழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது.

“அவளைச் சாப்பிடச் சொல்லு,” என்றாள் அம்மா, தலையைத் தூக்காமல்.

வியாழக்கிழமை மதியம் மருந்துக்கடையில் கூட்டமில்லை. சாப்பிட வீட்டுக்கு வந்தேன். அம்மா தைத்த துணிகளைக் கொடுக்கப் போயிருந்தாள். ஸ்டூடியோவுக்கு லீவு போட்டிருந்த அண்ணி முன்னறையில் தனியாக உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தாள். கோடு பட்டுப் பட்டென்று விழுந்தது. நான் செருப்பைக் கழற்றிய சத்தம் கேட்டதும் பதறி எழுந்து, மடியில் வைத்திருந்த எதையோ பொட்டியின் தலையில் மாட்டப் போனாள். உறை.

“நீயா? அத்தைன்னு நினைச்சேன்,” என்றாள்.

எனக்கு ஒரு நிமிடம் ஒன்றும் ஓடவில்லை. அப்புறம் பொட்டியைத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தது.

“இதுதானா? இந்த உறைதானா?”

“நேத்து ராத்திரி படுத்துட்டு யோசிச்சப்பதான் தோணுச்சு. சூடாகுது. சூடானா அதுவே வேகத்தைக் குறைச்சுக்குது. கார்டு கருகாம இருக்க அப்படித்தான் பண்ணும்.”

“தெரிஞ்சுமா சும்மா இருக்கீங்க? அண்ணன் உங்களை அந்தப் பேச்சுப் பேசுறான். கழட்டி அந்தாண்ட போட வேண்டியதுதானே.”

அண்ணி உறையின் பட்டனைப் போட்டாள், கழற்றினாள். “கழட்டினா அத்தை ஏன்னு கேக்க மாட்டாங்க. கேட்டா நான் சொல்லிடுவேன். அவங்க கேக்காம அதை மடிச்சு உள்ள வச்சுடுவாங்க. மொதல்ல ஒரு தடவை வேண்டாம்னு சொல்லிட்டு நான் பட்டது போதும். எனக்குன்னு அவங்க கையால வந்தது இது ஒண்ணுதான்.”

“பைத்தியமா உங்களுக்கு? வேலை போகப் போகுது.”

“போகாது. நாளைக்கு வெள்ளிக்கிழமை, காலையில அத்தை நூல் வாங்கப் போவாங்கல்ல. அந்த நேரத்துக்குத்தான் சிஸ்டம்காரரை வரச் சொல்லியிருக்கேன். எடுத்துட்டுச் சோதிச்சா ஓடிடும்.”

“அதுக்கப்புறம்? தினமும் நூல் வாங்கப் போவாளா அம்மா?”

அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அம்மாவிடம் சொல்ல மாட்டேன் என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், என்னிடம் ரகசியம் சொல்வதும் ரேடியோவில் சொல்வதும் ஒன்று. ஆனால் அண்ணி அதற்கு முன் என்னிடம் எதையும் கேட்டதில்லை. வாயைக் கட்டினேன். வயிறுதான் வலித்தது.

வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டேன். அம்மா நூல் வாங்கப் போகவில்லை.

“ஆபீஸ்லருந்து ஆள் வர்றாங்கன்னா பெரியவங்க வீட்டுல இருக்க வேண்டாமா?” என்றாள். அது மட்டுமா? விடியற்காலையில் எழுந்து, முந்தின நாளே துவைத்துக் காயப்போட்டிருந்த உறைக்கு இஸ்திரி போட்டு, பொட்டிக்கு மாட்டிப் பட்டனும் போட்டு வைத்திருந்தாள். வருகிறவர் கண்ணுக்கு லட்சணமாக இருக்க வேண்டுமாம். அண்ணி அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை.

சிஸ்டம்காரர் ஒல்லியான ஆள். தண்ணீர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கொடுத்ததும் ஒரே மூச்சில் குடித்தார். மடலைத் தூக்கி ஒரு சின்னக் கருவியைச் செருகி, மடலை இறக்கிவிட்டார். “இதுவே படத்தைத் திறந்து, திருத்தி, மூடி, எல்லாம் பண்ணும்மா. கடைசியில பச்சை வந்தா சரி. சிவப்பு வந்தா என் கையில ஒண்ணும் இல்ல.”

சோதனை ஓடியது. அண்ணன் அவர் தோளுக்குப் பின்னால் நின்று எந்த பாகம் எங்கே வாங்கினான் என்று சொல்லிக்கொண்டே இருந்தான். அம்மா ஒரு சட்டைக்குக் கழுத்துப்பட்டை வைத்துக்கொண்டிருந்தாள். அண்ணி நாற்காலி நுனியில் உட்கார்ந்து, மூடிய மடலையே பார்த்தாள். நாக்கு நுனிவரை வந்துவிட்டது எனக்கு. கடித்துக்கொண்டேன்.

திரையில் படங்கள் முதலில் மளமளவென்று மாறின. அப்புறம் மெதுவாக. அப்புறம் ஒரே படம் நின்றுகொண்டே இருந்தது. சிவப்பு வந்தது.

“கார்டு பத்தலம்மா,” என்றார் சிஸ்டம்காரர்.

“அதெப்படிப் பத்தாம போகும்? நீங்க கேட்டதுக்கு மேல இருக்கு,” என்றான் அண்ணன்.

சிஸ்டம்காரர் கருவியைப் பிடுங்கப் போனவர், பொட்டிமேல் கை பட்டதும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். “என்ன இது, அடுப்பு மாதிரி கொதிக்குது? இந்தத் துணியை எடுங்க. எடுத்துட்டு இன்னொரு தடவை ஓட்டிப் பாப்போம்.”

யாரும் அசையவில்லை. அண்ணன் உறையைப் பார்த்தான். அவன் கழுத்து மெல்லச் சிவந்தது. முந்தாநாள் சொன்ன பழமொழி அவனுக்கே திரும்பி வந்திருக்கும்.

“இல்ல சார், அது இருக்கட்டும்,” என்றாள் அண்ணி.

“இதோட ஓடாதும்மா.”

“பரவாயில்ல. சிவப்புன்னே போட்டுக்குங்க.”

 சிஸ்டம்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. கண்ணெதிரே ஒரு பெண் வேலையை வேண்டாம் என்கிறாள், அதுவும் ஒரு துணிக்காக. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. சத்தியமாவது ஒன்றாவது என்று வாயைத் திறந்தேன்.

அதற்குள் தையல் மெஷின் நின்றுவிட்டது.

“இது எந்தப் பக்கமா மூச்சு விடும்?” அம்மா சிஸ்டம்காரரைக் கேட்டாள்.

“பின்னாடிதாம்மா. பக்கவாட்டுலயும் கொஞ்சம்.”

அம்மா கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அந்தக் கத்தரிக்கோல் துணி தவிர வேறெதையும் தொடாது. சின்ன வயதில் நான் அதில் காகிதம் வெட்டிவிட்டு வாங்கிய அடி இன்னும் முதுகில் இருக்கிறது. இன்னொன்றும் உண்டு. தைத்து முடித்த ஒன்றை அம்மா வெட்டிப் பார்த்ததில்லை. திருத்த வேண்டுமென்றால் உட்கார்ந்து ஒவ்வொரு தையலாகப் பிரிப்பாள். பொழுது சாய்ந்தாலும் பிரிப்பாளே தவிர வெட்ட மாட்டாள்.

“அத்தை, வேண்டாம். நான் கழட்டிடறேன்.”

“கழட்டினா தூசி அடையும். தள்ளு.”

பின்பக்கத் துணியை இழுத்துப் பிடித்து, நடுவில் குத்தி, நேராக வெட்டினாள். இரட்டைத் துணி நறநறவென்றது. “ஒயர், ஒயர்,” என்று அண்ணன் பதறினான். “எனக்குக் கண்ணு இருக்கு,” என்றாள். ஒரு சதுரம் கீழே விழுந்தது. பக்கவாட்டில் இன்னொன்று, பைப்பிங்கோடு சேர்த்து. அங்கிருந்து வந்த அனல் என் காலில் பட்டது.

“ஆறட்டும். ஆறினதும் ஓட்டுங்க சார்,” என்றாள். அப்புறம் அண்ணி பக்கம் திரும்பினாள். என் வழியாக அல்ல, நேராக. “உனக்கு எப்பலருந்து தெரியும்?”

“முந்தாநாள்லருந்து.”

“ஏன் சொல்லல?”

அண்ணி கீழே கிடந்த சதுரத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். “நீங்க எனக்குத் தைச்சது இது ஒண்ணுதான் அத்தை.”

அம்மா கத்தரிக்கோலை மேசைமேல் வைத்தாள். “இது உனக்கா தைச்சேன்? பொட்டிக்குத் தைச்சேன்.”

 பொட்டிக்குள் விசிறி மட்டும் இரைந்துகொண்டிருந்தது. அது அடங்கியதும் சிஸ்டம்காரர் சோதனையை மறுபடி ஆரம்பித்துவிட்டு, திரைக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டார். அம்மா கழுத்தில் தொங்கிய அளவு நாடாவை உருவினாள்.

“சார், நீங்க கொஞ்சம் வாசல்ல உக்காருங்க.”

“சோதனை ஓடுதும்மா. நான் பக்கத்துல இருந்து பாக்கணும்.”

“அது ஓடட்டும். பொம்பளப் புள்ளைக்கு அளவு எடுக்கணும். நீங்க எழுந்திருங்க. டேய், நீயும்தான்.”

அண்ணன் சிஸ்டம்காரரை அழைத்துக்கொண்டு வெளியே போனான். போகிற போக்கில் அண்ணியின் தோளைத் தொட்டுவிட்டுப் போனான். எங்கள் குடும்பத்தில் சொன்ன சொல்லைத் திரும்ப வாங்குவது அவ்வளவுதான். நான் கதவை ஒருக்களித்துவிட்டு, வழக்கம்போல் அளவு எழுத பென்சில் எடுத்தேன்.

“எந்திரி. கையைத் தூக்கு,” என்றாள் அம்மா.

அண்ணி எழுந்து கையைத் தூக்கினாள். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்க அவளுக்குக் கை இல்லை. அம்மா தோள் அளவைச் சொன்னாள், எழுதினேன். கை நீளம் சொன்னாள், எழுதினேன். “என்ன இப்படி இளைச்சுப் போயிருக்க? சாப்பிடறியா இல்லையா?” என்றாள். அதை எழுதவில்லை.

திரையில் படங்கள் மளமளவென்று மாறிக்கொண்டே இருந்தன. கடைசிப் படம் மூடியது. பச்சை வந்தது. நான்தான் பார்த்தேன். அவர்கள் இரண்டு பேரும் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

“முடிஞ்சுதாம்மா?” வாசலிலிருந்து சிஸ்டம்காரர் கேட்டார்.

“இன்னும் இல்ல,” என்றாள் அம்மா. “இடுப்பு இருக்கு.”